அறிவுரை போதும், பாய் விரியுங்கள்

சென்னையில் குறைந்த வருமானத்தில் காலம் தள்ளும் ஒருவர் இரவில் எவ்வளவு நேரம் தூங்குகிறார்? பாயில் கிடக்கும் நேரத்தைக் கணக்கிட்டால் எட்டு மணி நேரம். உண்மையில் கண் அயர்வது ஐந்தரை மணி நேரம்தான். மிச்சமுள்ள இரண்டரை மணி நேரம் புரண்டு படுப்பதிலும், திடுக்கிட்டு விழிப்பதிலும், மறுபடி கண்ணை மூடிக் காத்திருப்பதிலும் கழிந்துவிடுகிறது. இது குத்துமதிப்பாகச் சொன்ன கணக்கல்ல. 452 பேரின் மணிக்கட்டில் அசைவைப் பதியும் கருவியைக் கட்டி, ஏறத்தாழ ஒரு மாதம் அளந்து பார்த்துச் சொன்னது.

பெட்ரோ பெஸ்ஸோன், கௌதம் ராவ், ஃபிராங்க் ஷில்பாக், ஹெதர் ஸ்கோஃபீல்ட், மேட்டி டோமா ஆகிய ஐந்து பொருளியலாளர்கள் சென்னையில் நடத்திய அந்த ஆய்வு, 2021-இல் ‘குவாட்டர்லி ஜர்னல் ஆஃப் எகனாமிக்ஸ்’ இதழில் வெளியானது. மனிதர்கள் எப்படி முடிவெடுக்கிறார்கள், எது அவர்களைத் தடுக்கிறது என்று சோதித்துப் பார்க்கும் நடத்தை அறிவியலில் அது இன்று அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் ஆய்வுகளில் ஒன்று. பங்கேற்றவர்களுக்குக் கணினியில் தகவல்களைப் பதிவுசெய்யும் வேலை கொடுத்தார்கள். எவ்வளவு பதிகிறார்கள், எவ்வளவு பிழையில்லாமல் பதிகிறார்கள் என்பதைப் பொறுத்துக் கூலி. யாருக்கு எந்த உதவி என்பதைக் குலுக்கல் முறையில் முடிவுசெய்தார்கள்.

ஒரு சாராருக்கு இரவுத் தூக்கத்தைக் கூட்டும் ஏற்பாடு. மெத்தை, தலையணை, மேசை மின்விசிறி, கண்ணை மறைக்கும் பட்டை, காதடைப்பான் என்று ஒரு மூட்டை சாமான் வீட்டுக்குப் போனது. தூக்கத்தின் அருமையைச் சொல்லி ஊக்கப்படுத்தினார்கள். சிலருக்குக் கூடுதலாகத் தூங்கினால் பணமும் தந்தார்கள். இதெல்லாம் சேர்ந்து இரவுத் தூக்கத்தைச் சராசரியாக 27 நிமிடம் கூட்டின. தூக்கவியல் அறிஞர்களிடமும் பொருளியலாளர்களிடமும் கணிப்புக் கேட்டிருந்தார்கள். கூடுதலாக அரைமணி நேரம் தூங்கினால் வேலைத்திறன் நிச்சயம் உயரும் என்பதே அவர்கள் சொன்ன ஆரூடம்.

ஆரூடம் பொய்த்தது. வேலைத்திறன் உயரவில்லை. கவனம், நினைவாற்றல் கூடவில்லை. மனநிலையைக் கேட்டறிந்த அளவைகளிலும் மாற்றம் தென்படவில்லை. பாயில் கூடுதல் நேரம் கிடந்ததால் வேலை நேரம் கொஞ்சம் குறைந்ததுதான் கண்ட பலன்.

இன்னொரு சோதனையும் அதே ஆய்வில் நடந்தது. பங்கேற்றவர்களில் ஒரு பகுதியினருக்கு மதியத்தில் அலுவலகத்திலேயே அரைமணி நேரம் படுத்துக்கொள்ள இடம் தரப்பட்டது. சத்தமில்லாத, வெளிச்சம் குறைந்த இடம். இது பலித்தது. உழைத்த நேரத்துக்கு அவர்கள் தந்த வேலை கூடியது. கவனச் சோதனைகளில் முன்னேறினார்கள். மனநிலையும் மேம்பட்டது. இரவில் 27 நிமிடம் கூடுதலாகத் தூங்கியும் கிடைக்காதது, பட்டப்பகலில் ஒரு குட்டித் தூக்கத்தில் கிடைத்தது.

ஏன் இப்படி? ஆய்வாளர்கள் தூக்கத்தின் தரத்தைக் காட்டுகிறார்கள். படுத்திருக்கும் நேரத்தில் உண்மையில் தூங்கியது சுமார் 70 சதவீதம். வளர்ந்த நாடுகளில் தூக்கக் கோளாறுக்காக மருத்துவரிடம் போகிறவர்களின் அளவு அது. இங்கே இருப்பவர்கள் தூக்கக் கோளாறுக்காகச் சிகிச்சைக்கு வந்தவர்கள் அல்ல. வீடுதான் அப்படி. வட சென்னையிலோ தரமணிப் பக்கமோ ஒற்றை அறைக் குடியிருப்பு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். பகல் முழுக்கக் காய்ந்த ஆஸ்பெஸ்டாஸ் கூரை இரவு பன்னிரண்டு மணிக்கும் அனல் கக்கும். ஐந்து பேருக்கு ஒரு மின்விசிறி. நடுவில் படுத்தவருக்குக் காற்று, சுவரோரம் படுத்தவருக்குக் கொசு. கொசுவர்த்திப் புகையில் குழந்தை இருமுகிறது. பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி ஓய்ந்தால் தெருமுனையில் பைக் சத்தம். விடியுமுன் தண்ணீர் லாரி வந்துவிட்டால் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியவர் அந்த வீட்டுப் பெண். இந்த இரவோடு 27 நிமிடத்தைச் சேர்த்தால், கிடைப்பது இதே மாதிரியான இன்னொரு 27 நிமிடம்தான்.

மனநலம் பற்றிப் பொதுவெளியில் நாம் பேசுவதைக் கவனியுங்கள். எட்டு மணி நேரம் தூங்குங்கள், கைபேசியைத் தள்ளி வையுங்கள், மூச்சுப் பயிற்சி செய்யுங்கள், நல்லதையே நினையுங்கள். எல்லாமே தனிமனிதரைப் பார்த்துச் சொல்லும் அறிவுரை. கேட்கிறவருக்குத் தெரியாத செய்தி எதுவும் அதில் இல்லை. தூக்கம் நல்லது என்பது தூங்க முடியாதவருக்குத்தான் மற்ற எல்லாரையும்விட நன்றாகத் தெரியும். அவருக்கு இல்லாதது இடமும் நேரமும் கைக்காசும். நடத்தை அறிவியல் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் தமிழ்நாட்டு மண்ணிலேயே நடத்திய ஆய்வுகள் மீண்டும் மீண்டும் சொல்வது இதைத்தான்: மனநலம் பெரிதும் ஏற்பாட்டைச் சார்ந்தது. நம் கொள்கை வகுப்போர் காதில் அது இன்னும் விழுந்ததாகத் தெரியவில்லை.

கட்டிங் ஆர்டருக்கு முன்னும் பின்னும்

விழுப்புரம், திருவண்ணாமலை வட்டாரக் கரும்பு விவசாயிகள் 464 பேரை வைத்து நடந்த ஆய்வு 2013-இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. ஆனந்தி மணி, தமிழ்நாட்டில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த செந்தில் முல்லைநாதன், எல்டர் ஷஃபீர், ஜியாயிங் ஜாவ் ஆகியோர் எழுதியது. கரும்பு போட்டவருக்கு ஆண்டுக்கு ஒருமுறைதான் கையில் மொத்தமாகப் பணம் வரும். வெட்டுக்கு முந்திய மாதங்கள் வறட்சி, வெட்டி ஆலைக்கு அனுப்பிப் பணம் வந்த மாதங்கள் செழிப்பு. ஒரே மனிதர், ஒரே ஆண்டில், ஏழையாகவும் ஓரளவு வசதியானவராகவும் இருக்கிறார். ஏழ்மை மனதை என்ன செய்கிறது என்று பார்க்க இதைவிடத் தோதான இடம் கிடைக்காது.

இன்னொரு வசதியும் இருந்தது. கரும்பை வெட்ட அனுமதிக்கும் கட்டிங் ஆர்டரை ஆலை எல்லாருக்கும் ஒரே நாளில் கொடுப்பதில்லை. அரவைத் திறனுக்கேற்ப மாதக்கணக்கில் பிரித்துக் கொடுக்கிறது. ஆகவே ஒரே மாதத்தில் ஒருவர் வெட்டி முடித்திருப்பார், பக்கத்துக் கொல்லைக்காரர் காத்துக்கொண்டிருப்பார். இருவரிடையே தெரியும் வேறுபாட்டுக்கு வெயிலோ மழையோ பண்டிகையோ காரணம் என்று சொல்ல முடியாது. வெட்டுக்கு முன் 78 சதவீதம் பேரின் பொருள்கள் அடகுக் கடையில் இருந்தன. வெட்டுக்குப் பின் அது 4 சதவீதம். வெட்டுக்கு முன்னும் பின்னுமாக அதே விவசாயிகளுக்கு ஒரே வகையான அறிவுத்திறன் சோதனைகளை இருமுறை கொடுத்தார்கள். வடிவங்களில் விட்டுப்போனதைக் கண்டுபிடிப்பது ஒன்று, வேகத்தையும் கவனத்தையும் சோதிப்பது மற்றொன்று. பணம் வந்த பிறகு இரண்டிலும் தெளிவாக மேலே வந்தார்கள்.

ஆசிரியர்கள் சொன்ன விளக்கம் இது: கடன்காரர் எப்போது வருவார், பள்ளிக் கட்டணத்துக்கு யாரைக் கேட்பது, எந்த நகையை மீட்பது, எதை மூழ்கவிடுவது என்ற கணக்குகள் மனதின் இடத்தை அடைத்துக்கொள்கின்றன. மற்ற வேலைக்கு மிஞ்சுவது குறைவு. ஏழைகள் தவறான முடிவெடுப்பதால் ஏழையாக இருக்கிறார்கள் என்று பேசுகிறவர்களுக்கு அது தலைகீழான பதில்.

இந்த ஆய்வை வேதவாக்காக எடுத்துக்கொள்ளவும் கூடாது. ஒரே சோதனையை இரண்டாம் முறை செய்யும்போது பழக்கத்தாலேயே மதிப்பெண் கூடும் என்று சிலர் ஆட்சேபித்தார்கள். அமெரிக்காவில் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் குறைந்த வருமானக்காரர்களைச் சோதித்த கார்வாலோ குழுவினருக்கு, 2016-இல் வெளியிட்ட ஆய்வில், அறிவுத்திறனில் அப்படியொரு வேறுபாடு தென்படவில்லை. சம்பளத்துக்கு இரண்டு நாள் பொறுப்பதும் ஆண்டு முழுக்க வெட்டுக்குக் காத்திருப்பதும் ஒன்றல்ல என்று பதில் சொல்லலாம். வாதம் முடியவில்லை. ஆனால் பிறகு ஒடிசாவில் இலைத் தட்டு தைக்கும் தொழிலாளர்களிடம் நடந்த சோதனை கரும்பு விவசாயிகளின் பக்கமே நின்றது. வேலை இல்லாத, கடன் நெருக்கும் பருவத்தில், குலுக்கலில் தேர்ந்த சிலருக்குக் கூலியைக் கொஞ்சம் முன்னதாகவே கொடுத்தார்கள். கூலி விகிதம் மாறவில்லை, நாள்தான் மாறியது. பணம் கைக்கு வந்தவர்கள் கூடுதலாகத் தைத்தார்கள். வேலையில் கவனப்பிசகும் குறைந்தது.

இதைப் படித்த கொள்கை வகுப்பாளர் உடனே என்ன கேட்டிருக்க வேண்டும்? கரும்புப் பணம் எப்போது வருகிறது என்று கேட்டிருக்க வேண்டும். 1966-ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை, கரும்பு வந்து சேர்ந்த 14 நாளில் ஆலை பணம் தர வேண்டும், தவறினால் 15 சதவீத வட்டி சேர்த்துத் தர வேண்டும் என்கிறது. நிலுவைத் தொகைக்காக விவசாயிகள் ஆலை வாசலில் உட்கார்ந்து போராடுவதோ நம் செய்தித்தாள்களுக்குப் பழகிப்போன படம். நூறு நாள் வேலைத் திட்டத்தில் 15 நாளுக்குள் கூலி வர வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதியும், கணக்கில் பணம் ஏறிவிட்டதா என்று பார்க்க வங்கிக்கும் ஏடிஎம்முக்கும் அலைந்தவர்கள் ஏராளம். இவை விவசாயத் துறையின் பிரச்சினை, ஊரக வளர்ச்சித் துறையின் பிரச்சினை என்று கோப்பு பிரிக்கப்படுகிறது. உரிய நாளில் வராத பணம் ஒரு குடும்பத்தின் மனநிம்மதியைத் தின்கிறது என்ற வகையில் இது சுகாதாரத் துறையின் பிரச்சினையும்கூட. 2023 செப்டம்பரில் மாதம் 1,000 ரூபாயாகத் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகையைப் பற்றி ‘இலவசமா, உரிமையா’ என்றே வாதாடுகிறோம். இந்தத் தேதியில் இவ்வளவு வரும் என்ற உறுதி ஒரு பெண்ணுக்குத் தரும் நிம்மதி, அந்த வாதத்தில் எந்தத் தரப்பின் கணக்கிலும் வரவாக எழுதப்படுவதில்லை.

ரிக்‌ஷாக்காரர் கேட்ட கடிவாளம்

மூன்றாவது ஆய்வு மறுபடி சென்னையில். ஃபிராங்க் ஷில்பாக் சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டும் 229 பேரிடம் நடத்தி 2019-இல் வெளியிட்டது. குடித்திருக்கிறாரா என்று ஊதிப் பார்க்கும் கருவியோடு ஆய்வு அலுவலகத்தில் ஆள் காத்திருப்பார். ரிக்‌ஷாக்காரர் நாள்தோறும் வந்து ஊத வேண்டும். ஒரு குழுவுக்குக் குடித்திருந்தால் 60 ரூபாய், குடிக்காமல் வந்தால் 120 ரூபாய். ஒப்பிட்டுப் பார்க்க வைத்த மற்றொரு குழுவுக்கு எப்படி வந்தாலும் 90 ரூபாய். விருப்பப்பட்டால் அங்கேயே ஒரு பெட்டியில் பணத்தைச் சேமித்துவிட்டுப் போகலாம்.

பகலில் குடிக்காமலிருக்கக் காசு கிடைத்தவர்கள் பகல் குடியைக் குறைத்தார்கள். மொத்தக் குடி பெரிதாகக் குறையவில்லை. பகலில் குடித்ததை இரவுக்குத் தள்ளினார்கள், அவ்வளவுதான். ஆனால் அந்தச் சிறு தள்ளிவைப்புக்கே சேமிப்பு சுமார் 50 சதவீதம் கூடியது. குடிக்குச் செலவழிக்காமல் மிச்சமான காசு மட்டும் இதற்குக் காரணமல்ல என்று ஆய்வு காட்டியது. தெளிந்த தலையோடு இருக்கும் மாலையில் நாளையைப் பற்றி யோசிக்க முடிகிறது.

இதைவிட முக்கியமான முடிவு ஒன்று உண்டு. பிறகு அவர்களிடம் தேர்வை விட்டார்கள். நிபந்தனையில்லாத பணம் வேண்டுமா, குடிக்காமல் வந்தால்தான் முழுப் பணம் என்ற நிபந்தனை வேண்டுமா? பாதிக்கு மேற்பட்டவர்கள் நிபந்தனையைக் கேட்டு வாங்கினார்கள். அதற்காகக் கிடைக்க வேண்டிய காசில் கொஞ்சம் குறைந்தாலும் சரி என்று சம்மதித்தவர்களும் கணிசம். குடிகாரருக்கு நல்லது கெட்டது தெரியாது, சொன்னால் கேட்கவும் மாட்டார் என்பது ஊரின் தீர்ப்பு. அவரோ தன்னைக் கட்டிப்போட ஒரு கடிவாளம் கிடைக்காதா என்று காசு கொடுத்துத் தேடுகிறார்.

நம் மதுவிலக்கு விவாதம் இரண்டே முனைகளில் நிற்கிறது. ஒன்று பூரண மதுவிலக்கு, இல்லையென்றால் ‘மது நாட்டுக்கு வீட்டுக்கு உயிருக்குக் கேடு’ என்ற பலகை. 2016-இல் டாஸ்மாக் கடைகளின் திறப்பு நேரம் காலை பத்திலிருந்து நண்பகல் பன்னிரண்டுக்குத் தள்ளப்பட்டது நினைவிருக்கலாம். அது இந்த இரண்டு முனைக்கும் நடுவில் செய்யக்கூடியவை நிறைய உண்டு என்பதற்கு ஓர் உதாரணம். பகல் விற்பனையை இன்னும் சுருக்குவது ஒன்று. விரும்பிக் கேட்கும் தொழிலாளருக்கு, அவருடைய தொழிற்சங்கமோ நலவாரியமோ குடிக்காத நாளுக்கு ஊக்கத்தொகையும் சேமிப்புக் கணக்கும் வைப்பது மற்றொன்று. மது வருவாயில் சிறு துளி போதும். ஒரு மாவட்டத்தில் சோதித்துப் பார்த்து, பலித்தால் விரிக்கலாம், பலிக்கவில்லையென்றால் விட்டுவிடலாம். மாநிலம் முழுக்க அறிவித்துவிட்டுப் பலனைப் பார்க்காமல் விடும் நம் வழக்கத்துக்கு இது நல்ல மாற்று.

விற்கப்படும் நலம்

ஏற்பாட்டை முன்வைக்கும் இந்த ஆய்வுகளின் மறுபக்கத்தில் ‘வெல்னஸ்’ சந்தை நிற்கிறது. மென்பொருள் நிறுவனங்களில் தியானச் செயலி, மன உறுதிப் பயிற்சி, தூக்கத்துக்கு ஒரு செயலி, வெள்ளிக்கிழமை பிற்பகலில் ஊக்கப் பேச்சாளர். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் வில்லியம் ஃபிளெமிங், பிரிட்டனில் 233 நிறுவனங்களைச் சேர்ந்த 46,336 ஊழியர்களின் பதில்களை வைத்து 2024-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். இப்படியான தனிநபர் திட்டங்களில் கலந்துகொண்டவர்களும் கலந்துகொள்ளாதவர்களும் மனநலத்தில் ஏறக்குறைய ஒரே நிலையில்தான் இருந்தார்கள். ஓரளவு நல்ல பலன் தென்பட்டது, தொண்டுப் பணிக்கு ஊழியரை அனுப்பும் திட்டத்தில் மட்டும். குலுக்கல் முறையில் நடந்த சோதனை அல்ல என்ற குறை அதற்கு உண்டு. ஆனாலும் பன்னிரண்டு மணி நேரம் வேலை வாங்கிவிட்டுப் பதின்மூன்றாம் மணியில் மூச்சுப் பயிற்சி தரும் வழக்கத்தின் மீது விழுந்த நியாயமான அடி அது.

அப்படியானால் பேச்சு எதற்கும் உதவாதா? உதவும், பேச்சோடு ஒரு செயலும் ஓர் ஆளும் சேர்ந்து வந்தால். கோவாவில் ‘சங்கத்’ அமைப்பும் மனநல மருத்துவர் விக்ரம் பட்டேலும் சேர்ந்து நடத்திய சோதனை 2017-இல் ‘லான்செட்’ இதழில் வந்தது. கடும் மனச்சோர்வோடு ஆரம்பச் சுகாதார நிலையத்துக்கு வந்த 495 பேரில் ஒரு பாதியினரோடு, மனநலப் படிப்பு எதுவும் படிக்காத, பயிற்சி மட்டும் பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள் ஆறு முதல் எட்டு முறை உட்கார்ந்து பேசினார்கள். அவர்கள் தத்துவம் பேசவில்லை. விட்டுப்போன வேலைகளில் எதை மறுபடி தொடங்கலாம், நாளை காலை என்ன செய்யலாம், யாரைப் போய்ப் பார்க்கலாம் என்று சேர்ந்து திட்டமிட்டார்கள். மூன்று மாதத்தில் அவர்களில் 64 சதவீதம் பேர் மனச்சோர்விலிருந்து மீண்டிருந்தார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் மீண்டது 39 சதவீதம். வீடு தேடி மாத்திரை கொடுக்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தை 2021-லேயே தொடங்கிய மாநிலத்துக்கு, ஆலோசகரையும் வீடு தேடி அனுப்புவது பெரிய காரியமில்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். மனநோய்க்கு மருத்துவம் தேவை. மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் வயது வந்தோரில் 10.6 சதவீதம் பேர் ஏதேனும் ஒரு மனநலக் கோளாறோடு வாழ்கிறார்கள். மனநல மருத்துவரோ லட்சம் பேருக்கு ஒருவர்கூட இல்லை. 14416 என்ற உதவி எண்ணும் மாவட்ட மனநலத் திட்டமும் வலுப்பட வேண்டும். பாயும் மின்விசிறியும் மனச்சிதைவைக் குணப்படுத்தாது. இங்கே பேசுவது, நோயாளி என்று எந்தப் பதிவேட்டிலும் ஏறாமல், எரிச்சலும் களைப்பும் கவலையுமாக ஓடிக்கொண்டிருக்கும் மிகப் பெரிய கூட்டத்தைப் பற்றி.

சட்டம் செய்யக்கூடியது

தமிழ்நாட்டுக்கு இதில் ஒரு முன்மாதிரி உண்டு. துணிக்கடைகளிலும் நகைக்கடைகளிலும் காலை முதல் இரவு வரை நின்றே வேலை செய்யும் விற்பனையாளர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் கொண்டுவந்தோம். கேரளம் 2018-லேயே செய்தது. நரம்பு சுருண்ட கால்களோடு வீடு திரும்பிய பெண்களின் நெடுநாள் கோரிக்கை அது. அந்தத் திருத்தத்தைத் தொடர்ந்து எடுக்க வேண்டிய அடுத்த அடி, மதியத்தில் அரைமணி நேரம் படுத்து எழ, சம்பளம் பிடிக்காத ஓய்வும் அதற்கான இடமும். 150 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் ஓய்வறை வேண்டும் என்று தொழிற்சாலைகள் சட்டம் 1948-லேயே சொல்லிவிட்டது. ஆனால் நம் உழைப்பாளர்களில் மிகப் பெரும்பாலோர் அப்படிப்பட்ட ஆலைக்குள் இல்லை.

அவர்கள் எங்கே படுக்கிறார்கள் என்று பகல் இரண்டரை மணிக்குப் பாருங்கள். இரவெல்லாம் லாரியிலிருந்து மூட்டை இறக்கிய கோயம்பேட்டுச் சுமைதூக்கும் தொழிலாளர் வெங்காய மூட்டை மேல் துண்டை விரித்துக் கிடப்பார். ஆட்டோ ஓட்டுநர் பின் இருக்கையில் உடம்பை மடக்கி, காலை வெளியே நீட்டியிருப்பார். கட்டட வேலையில் சித்தாள் வேலை பார்க்கும் பெண் பூசாத தரையில் சிமென்ட் சாக்கை விரித்துத் தலையைச் சாய்ப்பார். மேஸ்திரி குரல் கேட்டதும் எழுந்துகொள்வார். பங்களா வீட்டில் வேலை செய்கிறவருக்கு அதுவும் இல்லை, மூன்று வீட்டுக்கு நடுவில் மாடிப்படியில் உட்கார்ந்து கண்ணை மூடுவதோடு சரி. மதியத் தூக்கம் ஏற்கனவே இருக்கிறது. திருட்டுத்தனமாக, குற்ற உணர்வோடு, அரைகுறையாக இருக்கிறது. உணவு கொண்டுசெல்லும் ஊழியர்களுக்காகச் சென்னை மாநகராட்சி 2025-இல் அண்ணா நகரிலும் தியாகராய நகரிலும் குளிர்சாதன ஓய்வறை அமைத்தது நல்ல தொடக்கம். அங்கே உட்காரலாம் என்பதைப் படுக்கலாம் என்று ஆக்க வேண்டும். சந்தைகளுக்கும் பேருந்து முனையங்களுக்கும் கட்டுமானத் தளங்களுக்கும் அது விரிய வேண்டும். பெண்களுக்குத் தனியிடம் வேண்டும்.

முதலாளி தரப்பு கேள்வி நியாயமானது: அரைமணி நேரம் தூங்கினால் வேலை குறையாதா? சென்னை ஆய்வு இதை மறைக்கவில்லை. சும்மா இடைவேளை எடுத்தவரோடு ஒப்பிட்டால் தூங்கி எழுந்தவர் கூடுதலாகச் சம்பாதித்தார். இடைவேளையே இல்லாமல் வேலை செய்தவரோடு ஒப்பிட்டால் அன்றைய மொத்த வருமானத்தில் கொஞ்சம் குறைந்தார். ஆக, தூக்கம் தானே தன் செலவை முழுதாக ஈட்டிவிடும் என்று ஆசை காட்ட முடியாது. ஒரு பகுதியை ஈட்டும், மீதியை யாராவது ஏற்க வேண்டும். துண்டுக் கூலிக்காரர் தலையில் அதைக் கட்டினால் அவர் தூங்க மாட்டார். எனவேதான் சட்டம் வேண்டும் என்கிறோம். வாராந்திர விடுமுறையும் மகப்பேறு விடுப்பும்கூட லாபக் கணக்கில் தேறி வந்தவை அல்ல. சட்டமாக வந்த பிறகு தொழில்கள் அவற்றுக்குப் பழகிக்கொண்டன.

இரவையும் விட்டுவிடக் கூடாது. தூங்கும் உரிமை, அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று 2012-இல் ராம்லீலா மைதான வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. குடியிருப்புப் பகுதியில் இரவு பத்து முதல் காலை ஆறு வரை 45 டெசிபலுக்கு மேல் சத்தம் கூடாது என்று 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. அந்த விதி பங்களாத் தெருக்களில் புகாராகிறது, குடிசைப் பகுதிகளில் பெரும்பாலும் காகிதத்தில் தூங்குகிறது. கூரையில் வெள்ளைச் சுண்ணாம்போ வெப்பம் தடுக்கும் பூச்சோ அடித்தால் அறையின் சூடு குறையும் என்பது தெரிந்த விஷயம். மறுகுடியமர்வுக் குடியிருப்புகள் கட்டும்போது, எத்தனை குடும்பம் அடங்கும் என்று கணக்குப் பார்க்கிறோம். அந்த அறையில் எத்தனை பேர் தூங்க முடியும் என்றும் யாராவது பார்க்க வேண்டும். விடியுமுன் வரும் தண்ணீர் லாரியை ஏழு மணிக்கு மாற்றினால் ஒரு தெருவின் பெண்களுக்கெல்லாம் ஒரு மணி நேரத் தூக்கம் மிச்சம். அதற்கு நிதி ஒதுக்கீடு வேண்டாம், ஓர் அலுவலகக் குறிப்பு போதும்.

தூக்கம், கரும்பு, ரிக்‌ஷா பற்றிய மூன்று ஆய்வுகளும் நம் மக்களின் மணிக்கட்டிலும் மூச்சிலும் விடைத்தாளிலும் எடுக்கப்பட்டவை. முடிவுகளோ அமெரிக்க இதழ்களில் ஆங்கிலத்தில் கிடக்கின்றன. சென்னைப் பல்கலைக்கழகமோ மருத்துவப் பல்கலைக்கழகமோ இவற்றைத் தமிழில் கொண்டுவந்து, தொழிற்சங்கங்களோடும் தொழிலாளர் துறையோடும் உட்கார்ந்து பேச வேண்டும். தரவு உள்ளிடும் வேலையில் ஒரு மாதம் பலித்த மதியத் தூக்கம், மூட்டை தூக்குகிறவருக்கும் தையல் ஆலைப் பெண்ணுக்கும் ஆண்டு முழுக்கப் பலிக்குமா என்பது இனிமேல்தான் தெரிய வேண்டும். அதைச் சோதித்துப் பார்க்கத் திருப்பூரையும் கோயம்பேட்டையும்விட நல்ல இடம் உலகில் இல்லை. அந்தச் சோதனையை நடத்த வெளியிலிருந்து யாரும் வரக் காத்திருக்கவும் வேண்டியதில்லை.

2023 ஏப்ரலில் வேலை நேரத்தைப் பன்னிரண்டு மணி நேரமாக்க வழிசெய்யும் சட்டத் திருத்தம் நம் சட்டப்பேரவையில் நிறைவேறியது. கூட்டணிக் கட்சிகளும் தொழிற்சங்கங்களும் எதிர்த்ததால் மே தினத்தன்று திரும்பப் பெறப்படுவதாக அறிவிப்பு வந்தது. வாரத்தில் மொத்த மணி நேரம் மாறாது, நாள் குறையும், அதனால் நட்டமில்லை என்பதே அப்போது அரசு தரப்பில் சொன்ன வாதம். இரவில் ஐந்தரை மணி நேரம் துண்டு துண்டாகத் தூங்கும் உடம்பிடம் அந்தக் கூட்டல் கழித்தல் செல்லாது. அப்படியொரு திருத்தம் எந்த வடிவில் மறுபடி வந்தாலும், அதன் மீதான விவாதத்தில் உறுப்பினர்கள் முதலில் எழுப்ப வேண்டிய கேள்வி எத்தனை மணி நேரம் என்பதாக இருக்கக் கூடாது. அந்தத் தொழிலாளர் மதியம் எங்கே படுப்பார், அந்த அரைமணி நேரத்துக்குக் கூலி யார் தருவார் என்பதாக இருக்க வேண்டும். அதற்கு விடை எழுதப்படாத சட்ட முன்வரைவை அவை ஏற்கக் கூடாது.